விலையில்லாச் சுறா

எங்கள் ஊரின் பெயரில் காவேரி உண்டு, பட்டணமும் உண்டு. ஊரை ஒட்டி ஓடுவது என்னவோ தென்பெண்ணை. பட்டணம் என்று சொல்லிக்கொள்ளக் கடலும் இல்லை, கப்பலும் இல்லை. காவேரிப்பட்டணத்துக்காரன் அலையைப் பார்க்க வேண்டுமென்றால் எந்தப் பக்கம் கிளம்பினாலும் நாலு மணி நேரமாவது வண்டியில் உட்கார வேண்டும். இந்தப் பக்கம் மீன் என்றால் முதலில் டேம் மீன்தான். கட்லா, ரோகு, ஜிலேபி. ஞாயிற்றுக்கிழமை கே.ஆர்.பி. அணைக்குப் போனால் மசாலா தடவி வரிசையாக அடுக்கி வைத்திருப்பார்கள்.

ஆனாலும் நான் கடலைப் பார்ப்பதற்கு முன்பே சுறாவைப் பார்த்தவன். பார்த்தது மட்டுமல்ல, அறுத்தும் இருக்கிறேன். விலங்கியல் பட்டப்படிப்பு படித்த என் வயதுக்காரர்களுக்கு இது சொல்லாமலே புரியும். ஸ்கோலியோடான் என்ற சின்னச் சுறா! ஃபார்மலின் நெடியில் கண் எரிய எரிய, தலைத்தோலை உரித்து, மூளை நரம்பு ஒவ்வொன்றையும் ஊசியால் பிரித்து, அடியில் கறுப்புத் தாள் வைத்துக் காட்ட வேண்டும். ஐந்தாம் நரம்பு அறுந்தால் மதிப்பெண்ணும் அறுந்தது. பின்னாளில் அந்த அறுவை வகுப்புகளை நிறுத்திவிட்டார்கள், நல்லதுதான். நான் படித்த விலங்கியலும் பிறகு எதற்கும் உதவவில்லை. இப்போது மாங்கூழ்த் தொழிற்சாலையில் கணக்கு எழுதுகிறேன். ஆனால் சுறா என்று யாராவது சொன்னால் கை இன்னும் ஊசியைத் தேடும்.

சில மாதங்களுக்கு முன் தங்கை பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். பையன். பதினோராம் நாள் அம்மா ஆரம்பித்தாள்: “பச்ச ஒடம்புக்காரி. பால் சுறாப் புட்டு செஞ்சு போடணும்.”

நான் எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். சுறா மற்ற மீன்களைத் தின்று வளர்வது, அதன் உடம்பில் பாதரசம் சேரும், பால் கொடுக்கிறவர்கள் அதைத் தவிர்ப்பது நல்லது, பால் ஊறுவது குழந்தை சப்பச் சப்பத்தான், மீனால் அல்ல என்றெல்லாம். அம்மா அரிசி புடைப்பதை நிறுத்தாமல் சொன்னாள்: “ஒன்னப் பெத்தப்பவும் அதான் தின்னேன்.” இதற்கு மேல் என்ன பேசுவது? ஒரே ஒரு வேளை, அதுவும் சின்ன சுறா என்று ஒப்பந்தம் ஆனது.

சின்ன சுறாவுக்கு ஆள் வீட்டிலேயே இருந்தார். பெரியக்கா வீட்டுக்காரர் மீன் வண்டி ஓட்டுகிறார். கொச்சி தோப்பும்படி துறைமுகத்தில் ஏற்றினால் பாலக்காடு, கோவை, சேலம், தொப்பூர்க் கணவாய், தருமபுரி வழியாக பெங்களூரு. எங்கள் ஊர் அந்த நெடுஞ்சாலையிலேயே இருக்கிறது. விடியற்காலை நாலரைக்கு பைபாஸ் டீக்கடையில் மாமாவின் வண்டி நின்றது. கையில் ஒரு தெர்மாகோல் பெட்டி.

“மாப்ள, கேட்டது ஒன்னு, கேக்காதது ஒன்னு.”

கேட்டது பால் சுறா, இரண்டு, கவரில் கட்டியிருந்தது. கேட்காதது ஐஸுக்கு அடியில் கிடந்தது. கொச்சியில் சுறா இறக்குகிற படகுகளில் நிறைய குமரி மாவட்டத்துத் தூத்தூர்ப் பக்கத்து ஆட்களுடையவை. ஆழ்கடலில் வாரக்கணக்கில் கிடந்து தூண்டிலில் பிடிக்கிறவர்கள். தமிழ்க்காரர்கள் என்பதால் மாமாவுக்கு அவர்களோடு நல்ல பழக்கம்.

“கழிசல்னு ஒதுக்கிப் போட்டிருந்தாங்க மாப்ள. கடல்லயே தூக்கி எறியறதாம், தெரியாம ஐஸோட வந்துடுச்சாம். கண்ணப் பாத்தேன், ஒன் ஞாபகம் வந்துச்சு.”

அது பாராட்டா என்று இன்றுவரை கேட்கவில்லை. மாமா டீயைக் குடித்துவிட்டு பெங்களூருக்குப் போய்விட்டார்.

துணி துவைக்கிற கல்லின்மேல் அதைக் கிடத்தினேன். தையல்காரரின் டேப்பில் அளந்தால் 3 அடிக்கு ஒரு விரற்கடை கூட. வீட்டுத் தராசில் 4 கிலோவைத் தாண்டியது. சுருட்டு மாதிரி உருண்டு நீண்ட உடம்பு, மேலே கரும்பழுப்பு, கீழே வெளிறல். செதிலைத் தடவினால் வாலை நோக்கி வழுக்கும், தலையை நோக்கி உப்புத்தாள். இதுவரை எல்லாம் சுறாதான். ஆனால் கண்! அந்தத் தலைக்குக் கொஞ்சமும் பொருந்தாத கண். ஐஸில் கிடந்து மங்கியிருந்தாலும், யாரோ ஆச்சரியப்படுத்திய நேரத்தில் செத்தது போல முழித்துக்கொண்டு கிடந்தது. விரலால் ஓரத்தைத் தள்ளிப் பார்த்தேன். இமை இல்லை.

இங்கேதான் எனக்குச் சந்தேகம் வந்தது. ஸ்கோலியோடானுக்கும், பக்கத்தில் கவரில் கிடந்த பால் சுறாவுக்கும், கண்ணை மூடுகிற ஒரு சிறப்பு இமை உண்டு. கடிக்கும்போது கண்ணுக்குக் கவசம். இதற்கு அது கிடையாது. செவுள் பிளவுகள் ஐந்தும் தலையின் மேல்பக்கம் வரை ஏறியிருந்தன. வாயைத் திறந்தால் முன் பற்கள் தையல் ஊசி மாதிரி நீண்டு மெலிந்து வெளியே துருத்தின. தாடையைப் பிடித்து இழுத்தால் முகத்தை விட்டுத் தனியே முன்னால் வருகிறது. அன்று பகல் முழுக்கப் பழைய புத்தகங்களையும் கைப்பேசியையும் புரட்டி, சாயங்காலம் ஆளைக் கண்டுபிடித்தேன்.

சூடோகார்க்கேரியஸ் கமோஹராய். முதலைச் சுறா என்கிறார்கள்.

எங்களுக்கு முதலை என்றால் ஒகேனக்கல். சின்ன வயதில் முதலைப் பண்ணையில் கம்பிக்கு வெளியே நின்று, அது அசையுமா அசையாதா என்று பந்தயம் கட்டியிருக்கிறோம். இந்தச் சுறாவுக்கு அந்தப் பெயர் ஜப்பானிலிருந்து வந்தது. அங்கே மிசுவானி என்பார்கள். நீர் முதலை என்று பொருள். பற்களும், தூண்டிலில் மாட்டி மேலே வந்ததும் கண்டபடி கடிக்கிற குணமும்தான் காரணம். இன்னொரு வேடிக்கையும் உண்டு. பழைய ஜப்பானியக் கதைகளில் வானி என்ற சொல் சுறாவையும் குறிக்கும். அப்படிப் பார்த்தால் இது ‘நீர்ச் சுறா’ என்றும் ஆகிறது. கடலில் பின் என்ன சுறா இருக்கும் என்று கேட்கக் கூடாது.

1936-இல் மட்சுபாரா என்ற ஜப்பானிய மீனியல் அறிஞர் இதை முதலில் விவரித்து, கமோஹரா என்ற இன்னொரு அறிஞரின் பெயரை வைத்தார். அவர் கையில் கிடைத்ததும் ஒரு மீன் சந்தையிலிருந்துதான். அந்தச் சந்தை இருந்த ஊரின் பெயர் கோச்சி. எனக்கு வந்தது கொச்சியிலிருந்து. இதில் ஒரு அர்த்தமும் இல்லை, ஆனால் படித்தபோது தனியாக உட்கார்ந்து சிரித்தேன்.

இது ஒற்றை ஆள். இந்தப் பேரினத்திலும் இந்தக் குடும்பத்திலும் வேறு இனம் இன்று உயிரோடு இல்லை. கொஞ்சம் தள்ளிப் பார்த்தால் சொந்தக்காரர்கள் எல்லாம் பெரிய இடம்: 5 மீட்டரைத் தாண்டும் வெள்ளைச் சுறா, வாலைச் சாட்டையாகச் சுழற்றும் நீளவால் சுறா, அகல வாயைத் திறந்துகொண்டு மிதவை உயிரிகளை வடிகட்டும் பெருவாய்ச் சுறா. அந்த வரிசை முழுவதிலும் மிகச் சிறியது இதுதான், 1 மீட்டரை ஒட்டி நின்றுவிடும். வெள்ளைச் சுறா தன் உடம்பைச் சுற்றியுள்ள நீரைவிடச் சூடாக வைத்துக்கொள்ளும்; இதற்கு அந்த வசதியெல்லாம் இல்லை. பணக்காரக் குடும்பத்தில் பங்கு கிடைக்காமல் போன கடைக்குட்டி.

வயிற்றைக் கீறினேன். அம்மா கொல்லைக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போனாள்.

முதலில் தெரிந்தது ஈரல். முதலில் என்ன, வேறு எதுவுமே தெரியவில்லை. வெளிறிய சந்தன நிறத்தில் இரண்டு நீள மடல்கள் வயிற்றறையின் ஒரு முனையிலிருந்து மறு முனை வரை கிடந்தன. இந்தச் சுறாவின் எடையில் ஐந்தில் ஒரு பங்கு வரை ஈரலாகவே இருக்கக்கூடும். டேம் மீன் அறுக்கிறவர்கள் ரோகுவின் வயிற்றில் வெள்ளை பலூன் மாதிரி காற்றுப்பையைப் பார்த்திருப்பார்கள்; மீன் முழுகாமல் நிற்பது அதனால். சுறாவுக்குக் காற்றுப்பை கிடையாது. அதன் வேலையை ஈரலில் சேர்கிற எண்ணெய் பார்க்கிறது. எண்ணெய் நீரைவிட லேசு. ஒரு துண்டை வெட்டி பக்கெட் தண்ணீரில் போட்டேன். மிதந்தது. புத்தகத்தில் நூறு முறை படித்ததுதான், இருந்தாலும் அதைக் கண்ணால் பார்க்க நாற்பது வயதாகியிருக்கிறது.

காற்றுப்பையைவிட இந்த எண்ணெய் ஏற்பாடு இதன் பிழைப்புக்கு ரொம்பப் பொருத்தம். இதன் நாள் எப்படிப் போகிறது என்று பாருங்கள். பகலில் 200 மீட்டருக்கும் கீழே, வெளிச்சம் வற்றிப்போன ஆழத்தில் கிடக்கும். இருட்டியதும் மேலே ஏறி வரும். விடிவதற்குள் மறுபடியும் இறங்கிவிடும். இப்படித் தினமும் ஏறி இறங்குகிற ஆளுக்குக் காற்றுப்பை இருந்தால், அழுத்தம் குறையக் குறைய அது ஊதும், கூடக் கூடச் சுருங்கும். எண்ணெய்க்கு அந்தத் தொல்லை இல்லை. எந்த ஆழத்திலும் ஏறக்குறைய அதே தூக்கல். நடுக்கடலில் மேலும் போகாமல் கீழும் போகாமல் அதிகம் செலவில்லாமல் நிற்கலாம்.

ஏன் ஏறி இறங்குகிறது? சோறு ஏறி இறங்குகிறது, அதனால்தான். சின்னச் சின்ன ஒளிமீன்கள், இறால்கள், கணவாய்கள் எல்லாம் பகலில் ஆழத்தில் பதுங்கி, இரவில் மேலே மேய வருபவை. அவற்றின் பின்னாலேயே இதுவும். எனக்குக் கிடைத்ததன் இரைப்பையில் பாதி கரைந்த தூண்டில் இரையும், கிளி மூக்கு போல இரண்டு கணவாய் அலகுகளும் இருந்தன. அந்தப் பெரிய கண்ணுக்கும் இங்கேதான் வேலை. விழித்திரைக்குப் பின்னால் ஒரு கண்ணாடிப் படலம் உண்டு; உள்ளே நுழைந்த கொஞ்சநஞ்ச ஒளியைத் திருப்பி அனுப்பி இன்னொரு முறை பார்க்கக் கொடுக்கும். ராத்திரி ரோட்டில் மாட்டின் கண் வண்டி வெளிச்சத்தில் மின்னுகிறதே, அதே சங்கதி. உயிரோடு இருக்கும்போது இதன் கண் பச்சையாக ஒளிரும்.

பார்வை போக, மூக்கின் அடியில் ஊசியால் குத்தியது போல் புள்ளி புள்ளியாகத் துளைகள். அழுத்தினால் ஜெல்லி வரும். லாரன்சினி என்ற இத்தாலியர் 1678-இல் இவற்றை விவரித்தார். கல்லூரியில் இந்த ஜெல்லியைக் கண்ணாடித் தகட்டில் எடுத்து வைத்துக் காட்டினால் ஒரு மதிப்பெண். இரையின் தசையிலிருந்து கசிகிற மிக மெல்லிய மின்சாரத்தைக்கூட உணர்கிற உறுப்பு.

இந்த உறுப்பால் இந்தச் சுறா ஒரு முறை பெரிய கம்பெனியையே அலைக்கழித்திருக்கிறது. 1985-இல் கேனரித் தீவுகளில், கிராண்ட் கனேரியாவுக்கும் டெனரீஃபுக்கும் நடுவே அமெரிக்காவின் ஏ.டி. அண்ட் டி. நிறுவனம் ஆழ்கடல் கண்ணாடி இழைக் கேபிள் ஒன்றைப் போட்டது. அந்த வகையில் அதுதான் முதல். கொஞ்ச நாளில் பழுதாயிற்று. சரி செய்தால் மறுபடியும் பழுது. மேலே இழுத்துப் பார்த்தால் உறையில் பற்கள் குத்தி நின்றன. இந்த முதலைச் சுறாவின் பற்கள். கேபிளில் ஓடிய மின்சாரத்தின் புலம் இழுத்திருக்க வேண்டும் என்று கருதினார்கள். பிறகு உறைக்குள் எஃகு நாடா சுற்றிப் போட்டதும் தொல்லை தீர்ந்தது. பழுதான இடங்கள் 1000 மீட்டருக்கும் கீழே. இது அவ்வளவு ஆழத்துக்குப் போகும் என்று அந்தப் பற்கள்தான் சொல்லின. ஒரு மீனின் வாழ்க்கையைத் தெரிந்துகொள்ள நமக்கு ஒன்று வலை வேண்டியிருக்கிறது, இல்லாவிட்டால் நஷ்டம் வேண்டியிருக்கிறது.

எனக்கு வந்தது ஆண். இதைக் கண்டுபிடிக்க அறுக்கவே தேவையில்லை. அடிவயிற்றுத் துடுப்புகளின் உள்ஓரத்தில் விரல் மாதிரி இரண்டு நீண்டிருந்தால் ஆண், இல்லையென்றால் பெண். அதனால் நான் நிஜமாகவே பார்க்க ஆசைப்பட்டதைப் பார்க்க முடியவில்லை.

பெண்ணின் வயிற்றில் கருப்பைகள் இரண்டு. ஒவ்வொன்றிலும் பெரும்பாலும் இரண்டு குட்டிகள், ஆக நான்கு. முட்டையாக வெளியே போடுவதில்லை. உள்ளேயே வளர்கின்றன, ஆனால் தொப்புள்கொடி இல்லை. முதலில் தங்கள் சொந்தக் கருவுணவைத் தின்று முடிக்கும். அது தீர்ந்ததும் தாய் மேலும் மேலும் கருவுறாத முட்டைகளை உள்ளே இறக்கிக்கொண்டே இருப்பாள், குட்டிகள் அவற்றைத் தின்னும். இருட்டுக்குள் பந்தி. இதே வரிசையைச் சேர்ந்த மணற்சுறா ஒன்று உண்டு. அதன் கருப்பையில் முந்தி வளர்கிற குட்டி முட்டையோடு நிற்காமல் தம்பி தங்கைகளையும் தின்றுவிடும், கடைசியில் கருப்பைக்கு ஒன்றுதான் மிஞ்சும். முதலைச் சுறாவிலோ இரண்டு இரண்டாகப் பிறக்கின்றன. இரண்டும் ஒன்றையொன்று எப்படி விட்டுவைக்கின்றன? இரவு தொட்டில் ஆட்டிக்கொண்டே இதை யோசித்திருக்கிறேன்.

பிறக்கும்போது குட்டி 40 சென்டிமீட்டர் இருக்கும். தாய் 1 மீட்டர். என் மருமகனின் ஆஸ்பத்திரி அட்டையில் 49 சென்டிமீட்டர் என்று எழுதியிருந்தது, தங்கை ஐந்தடி. ஒன்றைச் சுமந்தே அவள் கடைசி மாதம் சுவரைப் பிடித்து நடந்தாள். இங்கே தன் நீளத்தில் ஐந்தில் இரண்டு பங்கு நீளமுள்ள குட்டிகள், நான்கு.

நான் கல்லின்மேல் குனிந்துகொண்டிருக்கும்போதே அம்மா மனம் மாறி வெளியே வந்து பால் சுறாவை அறுக்க உட்கார்ந்தாள். அதில் ஒன்று பெண், சினை. உள்ளே மூன்று குட்டிகள். ஒவ்வொன்றின் நெஞ்சிலிருந்தும் ஒரு கொடி கிளம்பி கருப்பைச் சுவரில் நஞ்சுக்கொடி போல ஒட்டியிருந்தது. பால் சுறா அப்படித்தான். மனுஷி மாதிரியே கொடி வழியாகக் குட்டிக்குச் சோறூட்டுகிற வகை. அம்மா கத்தியைக் கீழே வைத்துவிட்டாள். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “இத ஆக்க வேணாம். இன்னொன்ன மட்டும் ஆக்கறேன்” என்றாள். நான் பாதரசம் என்று பத்து நிமிடம் பேசியது செய்யாததை அந்தக் கொடி செய்தது.

மற்றதை மஞ்சள் போட்டு வேகவைத்து, தோலை உரித்து, உதிர்த்துப் பிழிந்து, பூண்டும் சின்ன வெங்காயமும் ஏராளமாகத் தட்டிப் போட்டுப் புட்டு ஆனது. சுறா உடம்பில் யூரியா இருப்பதால் சரியாகப் பக்குவம் செய்யாவிட்டால் அம்மோனியா நெடி அடிக்கும். அம்மாவுக்கு யூரியா தெரியாது, பிழிவது தெரியும். தங்கை இரண்டு கைப்பிடி சாப்பிட்டாள்.

முதலைச் சுறாவை யாரும் சாப்பிடவில்லை. கடலிலும் அதே கதைதான். இதைத் தேடி யாரும் தூண்டில் போடுவதில்லை. சூரை மீனுக்கும் கொம்பு நீண்ட வாள்மீனுக்கும் கிலோமீட்டர் கணக்கில் கயிறு விட்டு, இடையிடையே ஆயிரக்கணக்கில் முள் தொங்கவிடுகிறார்கள். வாள்மீன் கயிறு ராத்திரி மேல்மட்டத்தில் கிடக்கும். இரை பெரும்பாலும் கணவாய். இந்தச் சுறா மேலே வருகிற நேரமும் ராத்திரி, அதற்குப் பிடித்ததும் கணவாய். வேறு என்ன வேண்டும்? பெரும்பாலும் உயிரோடுதான் மேலே வரும், வந்ததும் கடிக்கும். சதை தேறாது, துடுப்பு சின்னது, ஈரல் எண்ணெய்க்காக எடுத்துவைக்க இதைவிடப் பெரிய சுறாக்கள் இருக்கின்றன. அதனால் முள்ளைக் கழற்றி, இல்லாவிட்டால் கயிற்றை அறுத்து, கடலுக்கே திருப்பிவிடுகிறார்கள்.

நம் ஊரில் அரசு கொடுத்த சைக்கிளுக்கும் ஆட்டுக்கும் மிக்சிக்கும் ‘விலையில்லா’ என்று ஒரு அடைமொழி உண்டு. இலவசம் என்று சொன்னால் வாங்குகிறவருக்குக் கௌரவக் குறைவாம். இந்தச் சுறாவுக்கு அந்தச் சொல்லை நேர்ப்பொருளிலேயே போடலாம். விலை இல்லாததால் துறைமுகக் கணக்கில் ஏறுவதில்லை. கணக்கில் ஏறாததால் அதிகாரிக்கும் வியாபாரிக்கும் கண்ணில் படுவதில்லை. மாமா கேட்டபோது படகுக்காரர்களுக்கும் சொல்ல ஒரு பெயர் இல்லை, கழிசல்தான். திமிங்கலச் சுறாவுக்கு நம் நாட்டில் 2001-இலேயே சட்டப் பாதுகாப்பு வந்தது. நீளவால் சுறாவைப் படகில் வைத்திருக்கவே கூடாது என்று இந்தியப் பெருங்கடல் சூரை ஆணையம் 2010-இல் விதி போட்டது. அவற்றுக்கு விலை இருந்தது, அதனால் ஆபத்து வந்தது, அதனால் சட்டமும் வந்தது. முதலைச் சுறா விலையில்லாமையால் தப்பித்துக்கொண்டிருக்கிறது. பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் பட்டியலில் முன்பு அச்சுறுத்தலை நெருங்கியது என்று இருந்த இதை, 2019 மதிப்பீட்டில் கவலை குறைந்தது என்று மாற்றியிருக்கிறார்கள்.

அப்படியானால் சந்தோஷப்பட வேண்டியதுதானே என்று நீங்கள் கேட்கலாம். எனக்குக் கணக்கு எழுதுகிற புத்தி. ஒரு ஈற்றுக்கு நான்கு குட்டி என்பது எவ்வளவு சின்ன வரவு என்று பார்க்கிறேன். டேம் ஜிலேபி வாயில் வைத்தே நூற்றுக்கணக்கில் குஞ்சு பொரிக்கும். இது நான்கு. செலவுப் பக்கத்தை எழுத ஆளில்லாத பேரேட்டில் ‘கவலை குறைந்தது’ என்று கையெழுத்துப் போட என்னால் முடியாது. தொழில் பழக்கம், மன்னிக்கவும்.

மிச்சத்தை மாமரத்தடியில் புதைத்தேன். நாய் தோண்டாமல் இருக்க மேலே கல் வைத்தேன். தாடையை மட்டும் எடுத்து மொட்டை மாடியில் எறும்புக்கு விட்டு, சுத்தமானதும் ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு அலமாரியில் வைத்திருக்கிறேன். அம்மா அதைப் பார்க்கும்போதெல்லாம் குழந்தை இருக்கிற வீட்டில் இதென்ன என்கிறாள்.

போன வாரம் ராத்திரி பத்து மணிக்கு மாமா கூப்பிட்டார். பின்னால் துறைமுக இரைச்சல், யாரோ மலையாளத்தில் ஏலம் விட்டுக்கொண்டிருந்தார்கள்.

“மாப்ள, ஒன் முட்டக்கண்ணன் இன்னொன்னு கெடக்கு. வேணுமா?”

“மாமா, திருப்பிப் போட்டு வயித்தப் பாருங்க. அடித் துடுப்புக்கிட்ட வெரல் மாதிரி ரெண்டு நீட்டிக்கிட்டு இருக்கா?”

கொஞ்ச நேரம் சத்தமில்லை. ஐஸ் நொறுங்குகிற சத்தம் மட்டும் கேட்டது.

“இல்ல மாப்ள. ஒன்னுமில்ல.”

“அப்ப எடுத்துட்டு வாங்க” என்றேன்.